விளக்கு வைத்த பிறகு திறக்கும் கடைகள்

திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் போனால் செம்பட்டி. பகலில் இது பஸ் மாறும் ஊர். நிலக்கோட்டைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். கொடைக்கானல், தேனி, குமுளி என்று மேற்கே போகிறவர்கள் வேறொரு பக்கம். வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஊர் மறந்துபோகும்.

பொழுது சாய்ந்து ஏழு மணி ஆகட்டும், சாலை முக்கின் முகம் மாறிவிடும். ஈரத்துணி போர்த்திய மைதா உருண்டைகள் கடை வாசலுக்கு வந்துவிடும். தள்ளுவண்டியில் இட்லிக் கொப்பரை ஆவி விடும். பால் கடைக்காரர் அகலச் சட்டியை அடுப்பில் ஏற்றி, மேலே ஆடை கட்டக் கட்டக் கரண்டியால் ஓரம் ஒதுக்கிக்கொண்டிருப்பார். முதல் பரோட்டா கல்லில் விழும்போது திண்டுக்கல்லில் வேலை முடித்து வருகிறவர்களின் பஸ்ஸும் வந்துவிடும். அதற்குப் பிறகு லாரிகள், வேன்கள், கொடைக்கானலில் இருந்து இறங்கி வரும் சுற்றுலாக் கார்கள்.

செம்பட்டிக்காரர் யாரும் இதை இரவுச் சந்தை என்று சொல்வதில்லை. ‘நைட்டுக் கடை’, அவ்வளவுதான். ஆனால் இதே மாதிரி ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் விமானம் ஏறுகிறார்கள். 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே வரலாம் என்று தாய்லாந்து அறிவித்த பிறகு, ‘பாங்காக் போனோம், நைட் மார்க்கெட்டில் சாப்பிட்டோம்’ என்கிற வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை.

அங்கே என்னதான் இருக்கிறது? வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தால் கோட்டைச் சுவரின் தா பே வாயிலில் தொடங்கும் ராட்சதம்னோன் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சாலை முழுக்க நடக்கிறவர்களுக்கு. துணி, மரச்சாமான், வெள்ளி நகை எல்லாம் சாலையின் இரு ஓரத்திலும் பரப்பியிருக்கும். சாப்பாட்டுக் கடைகள் பலவும் வழியில் இருக்கும் புத்த கோயில்களின் முற்றத்துக்குள் போய்விடும். கோபுரத்துக்குக் கீழே கரி அடுப்பு புகைய, பன்றி இறைச்சியும் கோழியும் மூங்கில் குச்சியில் வாட்டிக்கொண்டிருப்பார்கள். கோயில் வளாகத்துக்குள் கறி வாட்டுவதா என்று நம்மவர் முகம் சுளிக்கலாம். தாய்லாந்தில் கோயில் திருவிழா என்றாலே ராட்டினமும் தின்பண்டக் கடையும் சேர்ந்ததுதான். இரவுச் சந்தைக்கு ஒரு மூத்த உறவு அந்தக் கோயில் திருவிழாக் கடைகள்.

அங்கே ஒரு கடைக்கு ஒன்றிரண்டு பண்டம், அதற்கு மேல் இல்லை. பச்சைப் பப்பாளியைச் சீவி, மிளகாய், எலுமிச்சை, வேர்க்கடலை, மீன் சாறு சேர்த்து உரலில் இடித்துத் தருகிற சோம் தாம் கடைக்காரரிடம் நூடுல்ஸ் கேட்டால் பக்கத்துக் கடையைக் காட்டுவார். அளவும் சின்னது. ஒரு தட்டு தின்று வயிறு நிரம்பிவிட்டால் அடுத்த கடைக்கு எப்படிப் போவது? மாம்பழக் காலத்தில் ஒட்டரிசிச் சோற்றின் மேல் தேங்காய்ப்பால் ஊற்றி மாம்பழத் துண்டு வைத்துத் தருவார்கள். அது மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. சைவக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. காய்கறி மட்டும் போட்ட பண்டத்திலும் மீன் சாறு இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பறக்கும் ‘ஜே’ கடைகள்தான் அவர்களுக்குச் சரிப்படும். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.

நெரிசலில் நடந்துகொண்டே போகும்போது ஒரு வண்டியின் முன்னால் தமிழர் மட்டும் சட்டென்று நின்றுவிடுவார். எண்ணெய் தடவிய மேசையில் மாவு உருண்டையைத் தட்டி, தூக்கி வீசி, காகிதம்போல மெலிதாக்கிக் கல்லில் போடுவார் ஒருவர். நடுவில் முட்டை, வாழைப்பழத் துண்டுகள். நான்கு பக்கமும் மடித்து, பொரிந்ததும் எடுத்து வெட்டி, மேலே டின் பாலை ஊற்றுவார். பெயரும் ரொட்டிதான். போடுகிறவர் பெரும்பாலும் முஸ்லிமாக இருப்பார். கையின் வேகம், மேசையில் மாவு அறைகிற சத்தம், மணிக்கட்டின் சுழற்சி எல்லாம் செம்பட்டி முக்கில் பார்த்ததுதான். சால்னாவுக்குப் பதில் டின் பால் வந்துவிட்டது, அதுதான் ஜீரணிக்கக் கொஞ்சம் கஷ்டம்.

இரவில் விளக்கு வைத்துப் பலகாரம் விற்பது நம் பக்கத்தில் எத்தனை பழையது என்று கேட்டால், சங்க நூல்களுக்குத்தான் போக வேண்டும். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டிலேயே நீளமானது, 782 அடி. பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்கிறது. அதோடு விடாமல் இரவை யாமம் யாமமாக எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் மதுரையில் யார் விழித்திருந்தார்கள், யார் கடையைக் கட்டினார்கள் என்று ஒரு நிருபரைப் போலக் குறித்துவைக்கிறது. தேன்கூடு மாதிரிக் கண் விட்ட மெல்லிய அடையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகமும் விற்றவர்கள், கூட்டம் ஓய்ந்ததும் சரக்குப் பக்கத்திலேயே தூங்கி வழிந்ததுகூட அதில் இருக்கிறது.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் விடிவதற்கு முன் புகார்க் கடற்கரைக்கு வருகிறார்கள். கடைகளை இளங்கோ விளக்குகளை வைத்தே அடையாளம் காட்டுகிறார். சந்தனமும் பூவும் விற்பவர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டும் மோதகமும் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுகிறவர் குடம்போன்ற தண்டில் ஏற்றிவைத்த அகல், கள் விற்கும் பெண்ணின் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, வேற்றுமொழிக்காரர்கள் இருந்த இடத்தில் அணையாத விளக்கு, இவற்றுக்கு மேலே கலங்கரை விளக்கு. மணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும், அத்தனை வெளிச்சமாம். இன்றைக்கு யாராவது ஓர் இரவுச் சந்தைக்கு வரைபடம் போடுவதாக இருந்தால் இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. பலகாரம், கள், மீன், வெளியூர்க்காரர்கள் என்று எல்லாமே இருக்கிறது. விற்பவர்களில் ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்பதை மறந்துவிட வேண்டாம், பின்னால் அவளிடம் வர வேண்டியிருக்கிறது.

இந்தியாவின் மற்ற இடங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. இந்தூரின் சராஃபா பஜாரில் பகல் முழுக்க நகை வியாபாரம். இரவில் நகைக்கடை ஷட்டர் இறங்கியதும் அதே வாசற்படிகளில் ஜிலேபிக் கடாய் ஏறிவிடும். அகமதாபாத்தின் மானெக் சௌக்கில் காலையில் காய்கறி, பகலில் தங்கம், இரவில் சாப்பாடு. ஒரே இடத்தை மூன்று கூட்டம் முறைவைத்து ஆள்கிறது.

திண்டுக்கல் சமவெளியில் இரவின் ராஜா பரோட்டா. இதைப் பற்றிப் பேசும்போது மைதா உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதோடு பேச்சு முடிந்துபோவது துரதிர்ஷ்டம். நார்ச்சத்து குறைந்த மாவு, அதன்மேல் எண்ணெய். தினமும் சாப்பிடுகிற பண்டம் இல்லைதான். ஆனால் அந்தப் பண்டத்துக்குள் இருக்கிற கைவேலையைத் தினமும் சாப்பிடுகிறவர்களே கவனிப்பதில்லை.

மாஸ்டரின் வேலை மதியமே தொடங்கிவிடுகிறது. மைதாவில் உப்பும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துப் பிசைய வேண்டும். சிலர் சர்க்கரையும் முட்டையும் சேர்ப்பார்கள். பிசையப் பிசைய மாவில் உள்ள புரதம் இழை இழையாகப் பின்னி, ரப்பர்போல இழுபடும். அந்த நிலையில் வீசினால் மாவு விரியாது, சுருங்கித் திரும்பி வரும். அதனால்தான் உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஊற வைக்கிறார்கள். ஊறும் நேரத்தில் இழைகள் தளர்ந்துகொடுக்கும். அப்புறம் மேசையில் அறைந்து வீசினால் கிழியாமல் விரியும். விரிந்ததை மடித்துக் கொசுவி, சுருட்டி, மறுபடி தட்டிக் கல்லில் போட்டால் ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் இருப்பதால் அடுக்குகள் ஒட்டாமல் வேகும். கடைசி வேலைதான் பார்க்க வேண்டியது. வெந்த நாலைந்தை அடுக்கிவைத்து, சூடு தணிவதற்குள் இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார்கள். அடுக்கு விட்டு உதிரும். அந்த அடி விழாத பரோட்டா வெறும் தடித்த ரொட்டி.

இதற்குத் துணை சால்னா. சோம்பு, பட்டை, கல்பாசி, தேங்காய், கசகசா, சின்ன வெங்காயம் அரைத்துக் கொதிக்க வைத்த தளர்ந்த குழம்பு. கறி போடாத சால்னாவைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றுவது இந்தப் பக்கத்துக் கடைகளின் மரியாதை. ‘அண்ணே, இன்னும் கொஞ்சம் சால்னா’ என்று கேட்பவரை முறைத்த கடை ரொம்ப நாள் நிற்காது. வீச்சு பரோட்டா, முட்டை லாபா, சிலோன் பரோட்டா என்று பிறகு கிளைகள் பல. கொத்து பரோட்டாவுக்கு விளம்பரமே தேவையில்லை. பிய்த்த பரோட்டாவும் முட்டையும் வெங்காயமும் சால்னாவும் கல்லில் கிடக்க, இரும்புத் தகடு இரண்டும் மாறிமாறி விழும் தாளம் அடுத்த தெருவரைக்கும் கேட்கும். சியாங் மாயில் உரல் சத்தம், செம்பட்டியில் தகட்டுச் சத்தம். பெயர்ப்பலகையைப் படிக்காமலே கடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

தெற்கே விருதுநகர் போனால் பரோட்டாவை எண்ணெயில் மிதக்கவிட்டு மொறுமொறுவென்று எடுக்கிறார்கள். அங்குள்ள பர்மா கடையின் பெயரே ஒரு சரித்திரம் சொல்லும். பர்மாவில் பிழைத்துத் திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த ருசிகள் தமிழ்நாட்டின் இரவுக் கடைகளில் இன்னும் இருக்கின்றன. சென்னை பர்மா பஜார்ப் பக்கத்து வண்டிகளில் விற்கும் அத்தோ என்ற நூடுல்ஸும் அந்த வழியில் வந்ததுதான். பர்மாவில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடும் நூடுல்ஸ் ஒன்று உண்டு. சியாங் மாய் சந்தையில் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கும் காவ் சோய் அதற்கு நெருங்கிய சொந்தம். ஒரு குடும்பம் மேற்கே கப்பல் ஏறியது, இன்னொன்று கிழக்கே மலை தாண்டியது.

தமிழர்கள் போட்ட இரவுக் கடைகளுக்கு வெளிநாட்டில் கிடைத்த மரியாதையே தனி. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோலக் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்பும் சுமந்து விற்றார்கள். அதுவே நாசி கண்டார் ஆனது. மலேசியாவில் மாமாக் கடை என்றால் நள்ளிரவிலும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கிடைக்கும் இடம். மலாய், சீனர், தமிழர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கால்பந்துப் போட்டி பார்க்கும் இடமும் அதுதான். சிங்கப்பூர் தெருவோரக் கடைக்காரர்களை 1960-களின் கடைசியில் பதிவு செய்யத் தொடங்கி, 1986-க்குள் அனைவரையும் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் உள்ள உணவு நிலையங்களுக்கு மாற்றி முடித்தது. அந்த நிலையங்களின் உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் பிராட்டா போடும் தமிழருக்கும் பங்கு உண்டு.

செம்பட்டிக்குத் திரும்புவோம். இங்கே இரவுக் கடை பிழைப்பதற்குக் காரணம் சாலைதான். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் வாங்கிய சரக்கு இரவோடு இரவாகக் கேரளத்துக்கு லாரி ஏறும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்பார்கள், பூ சந்தைக்கு மொட்டாகப் போய்ச் சேர வேண்டுமே. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் குமுளியை நோக்கி வரிசை கட்டும். தை பிறந்தால் பழனி பாதயாத்திரைக்காரர்கள். வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்கள் நிறைய. பச்சை வேட்டி, காவடி, ஒளிரும் பட்டை ஒட்டிய பை, கொப்பளம் விட்ட பாதங்கள். மாலை போட்டவர்கள் அசைவம் தொட மாட்டார்கள் என்பதால் அந்த வாரங்களில் இட்லிக்கும் சுக்கு காபிக்கும் சுண்டக் காய்ச்சின பாலுக்கும்தான் மவுசு. வழியெங்கும் அன்னதானப் பந்தலும் இருக்கும். கடைக்காரர்கள் அதை எண்ணிப் புலம்புவதில்லை. சோறு இலவசமாகக் கிடைத்தாலும் தேநீருக்கு ஒதுங்கியாக வேண்டும்.

சாலை வளர்த்த சந்தைக்குத் தமிழ்நாட்டில் பெரிய உதாரணம் செங்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள பிரானூர் பார்டர். கேரளத்துக்குப் போகும் சாலையில் உள்ள அந்த இடத்தில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடுவதற்கென்றே குற்றாலம் போகிற கூட்டம் ஒன்று உண்டு. சாலை தந்ததைச் சாலையே எடுத்துக்கொள்ளவும் செய்யும். புறவழிச்சாலை போட்டதும் ஊருக்குள் வந்த வண்டிகள் விலகிப் போய், கல் அணைந்த முக்குகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அந்த இடத்தில் குளிர்சாதன வசதியும் கார் நிறுத்தமும் கொண்ட நெடுஞ்சாலை உணவகங்கள் வந்துவிட்டன. அங்கே சால்னாவைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து வைக்கிறார்கள்.

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது பிரியாணி. நாகசாமி நாயுடு 1957-இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆகி, இன்று வெளிநாடு வரைக்கும் போயிருக்கிறது. சீரகச் சம்பா அரிசி, தயிரும் எலுமிச்சையும் தரும் புளிப்பு, மிளகின் காரம். இதுதான் இந்தப் பக்கத்துப் பாணி. ஆனால் பிரியாணி இங்கே அடிப்படையில் பகல் சாப்பாடு. மதியம் தம் உடைத்தால் மாலைக்குள் அண்டா காலியாக வேண்டும். இரவில் கிடைப்பது பெரும்பாலும் மதியத்து மிச்சம், ருசி தெரிந்தவர்கள் அதைத் தொடுவதில்லை.

கறிச்சோறு முழு இரவையும் ஆளும் நாள் ஒன்று திண்டுக்கல்லுக்கு உண்டு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவில் வேண்டிக்கொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் காணிக்கையாகக் கொண்டுவந்து தருவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து, இரவு முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அசைவ அன்னதானம் நடக்கும். எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு, வீட்டில் இருப்பவர்களுக்கென்று பாத்திரத்தில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியில் முனியாண்டி சுவாமிக்கு நடக்கும் விழாவிலும் இரவெல்லாம் அடுப்பு எரிந்து, விடியற்காலையில் பிரியாணிதான் பிரசாதம். 1937-இல் காரைக்குடியில் தொடங்கிய முதல் கடையின் வழியில் ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்கள் அன்றைக்குச் சொந்த மண்ணுக்கு வந்துவிடுவார்கள். சியாங் மாயின் கோயில் முற்றத்துக் கரி அடுப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இந்த இரண்டு ஊருக்கும் ஒருமுறை போய்வரலாம்.

ஆக, தாய்லாந்துக்காரரிடம் இருந்து சமையலில் கடன் வாங்க நமக்குப் பெரிதாக எதுவும் இல்லை. வேறு ஒன்றில்தான் நாம் வெகுதூரம் பின்னால் நிற்கிறோம். சியாங் மாய் சந்தையில் இரவு பத்து மணிக்குக் கண்ணை ஓட்டினால் கல்லாவில், அடுப்படியில், மேசையில் எங்கும் பெண்கள். பாட்டி பேத்தியோடு உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கல்லூரிப் பெண்கள் இருவர் மூவராகச் சுற்றுவார்கள். பாங்காக்கில் ஸ்கீயிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பின் முன் நண்டு ஆம்லெட் போடும் ஜே ஃபாய் என்ற மூத்த பெண்மணிக்கு 2017 டிசம்பரில் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. தெருக்கடைக்காரி உலகப் புகழ் பெற்ற கதை அது.

செம்பட்டி மாதிரி ஒரு முக்கில் அதே பத்து மணிக்கு எத்தனை பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை விட்டால் ஏறக்குறைய யாரும் இல்லை. மாலையில் இட்லியும் பணியாரமும் சுட்டு விற்கும் அக்காக்கள் எட்டு, எட்டரைக்குள் கடையை எடுத்துவைத்துவிடுகிறார்கள். பரோட்டாக் கல்லின் முன்னால் நிற்பவர், பரிமாறுபவர், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் ஆண்கள். டாஸ்மாக் கடை இரவு பத்துக்கு மூடும்போது அங்கிருந்து கிளம்புகிற கூட்டம் நேராக வருவது இந்தப் பெஞ்சுகளுக்குத்தான். கழிப்பறை கிடையாது. கை கழுவ ஒரு டிரம் தண்ணீர், ஒரு டம்ளர். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு உள்ளே ஓர் இருட்டு அறையை ‘ஃபேமிலி ரூம்’ என்று தடுத்துவைத்திருப்பார்கள், காற்றும் வராது, வேடிக்கையும் தெரியாது. தெருவில் சாப்பிடுவதன் சுகமே வேடிக்கைதானே. புகார்க் கடற்கரையில் தனி விளக்கு வைத்து விற்ற பெண்ணுக்கு இருந்த இடம்கூட இன்றைய சாலை முக்கில் இல்லை.

சட்டம் பாதி வழி வந்து நிற்கிறது. 2019 ஜூனில் தமிழ்நாடு அரசு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணை போட்டது. 2022-இல் அது நீட்டிக்கவும் பட்டது. பெண் ஊழியர்களை இரவு எட்டு மணிக்குப் பிறகு வேலை வாங்க வேண்டுமானால் அவர்களின் எழுத்துபூர்வச் சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்றது அந்த ஆணை. நல்ல விதிதான். ஆனால் ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர், ஒரு கல்லா என்று நடக்கும் பரோட்டாக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் அந்த ஆணையில் இடம் இல்லை. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னும் நுட்பமானது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, கணக்கெடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று வரையறுத்தது. அது நகரங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். இரண்டு கிராமத்துக்கு நடுவே வளர்ந்த சாலை முக்கில் அதற்குப் பிடிமானம் குறைவு.

தாய்லாந்திலும் எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 2016, 2017-இல் பாங்காக் மாநகராட்சி நடைபாதைக் கடைகளை வரிசையாக அகற்றியது. ‘தெரு உணவுக்கே தடையா?’ என்று உலகப் பத்திரிகைகள் அலறிய பிறகுதான், யாவராட் சைனா டவுனும் காவோசான் சாலையும் தொடரும் என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். சுற்றுலாப் பயணி பார்க்கும் இடத்தில் கடை இருக்கும், ஆபீஸ் பையன் சாப்பிட்ட சந்துக் கடை போய்விடும். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். செம்பட்டியில் ஒரு நாள் ‘உணவு வீதி’ என்று வளைவு கட்டி, வண்ண விளக்கு போட்டு, வாடகை ஏற்றினால் முதலில் காணாமல் போவது பணியார அக்காவின் வண்டிதான்.

கடையைத் தேர்ந்தெடுக்கும் வித்தை எந்த நாட்டிலும் ஒன்றுதான். கூட்டம் இருக்கும் கடையில் பண்டம் தேங்காது. சின்னக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். சான்றிதழை மாட்டிவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பஜ்ஜி, காடை வறுவல் மாதிரி பொரிப்பவற்றில் எண்ணெயைக் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. அளவுகோல் கையில் இல்லாதவருக்கு மூக்கு போதும். கறுத்து, நுரைத்து, தொண்டையைக் கமறவைக்கும் புகை வந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடலாம்.

ஓர் இரவு இந்தப் பக்கம் வருகிறவர்கள் தாய்லாந்துக்காரரின் வழக்கத்தைக் கொஞ்சம் கடன் வாங்கினால் நல்லது. ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல், மாலை ஆறரைக்குப் பணியாரத்தோடு தொடங்கி, எட்டு மணிக்கு ஒரு வீச்சு, ஒரு கலக்கி, பிறகு பாதி கொத்து என்று பங்கிட்டுக்கொண்டு நகர்வது. மதுரை வரை போக முடிந்தவர்கள் சிம்மக்கல்லில் கறி தோசையையும், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவையும், தெருவில் வரும் பருத்திப்பாலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சியது அது. இரவுக்கு இதமானது. பாங்காக்கில் எங்கே தேடினாலும் கிடைக்காது.

பெஞ்சில் இடமில்லாத பெண்களுக்குப் பரோட்டா போய்ச் சேராமல் இல்லை. பார்சலாகப் போகிறது. இந்தக் கடைகளின் வியாபாரத்தில் பெரிய பங்கு, வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கை நிறுத்தி ‘அஞ்சு பரோட்டா, ஒரு கொத்து, சால்னா தனியா’ என்று சொல்கிறவர்களுடையது. பரோட்டாவுக்கு வாழையிலையும் நியூஸ் பேப்பரும் இருந்தன, சால்னாவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பை இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை. அச்சு மை ஒட்டும் என்பதால் நியூஸ் பேப்பரில் சாப்பாடு மடிக்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்புத் துறை. கண்டிப்பான கடைகளில் இப்போது பாத்திரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதனால் இரவு ஒன்பது மணிக்குச் சாலை முக்கில் தூக்குவாளிகள் மறுபடி தென்படத் தொடங்கியிருக்கின்றன. வாளியின் அளவைப் பார்த்தே மாஸ்டர் எத்தனை கரண்டி சால்னா ஊற்றுவது என்று முடிவு செய்துவிடுகிறார். விவரம் தெரிந்த வீடுகளில் பெரிய வாளியாகவே கொடுத்து அனுப்புகிறார்கள்.